சின்ன நாய்க்குப் பச்சைக்கறி: கொடுக்கலாமா, கூடாதா?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பேசியதன் விரிவான எழுத்து வடிவம்)



‘பேசுவதற்கு எத்தனையோ விஷயம் இருக்க, நாய்ச் சாப்பாட்டுக்கு ஒரு நிகழ்ச்சியா?’ என்று தலைப்பை அறிவித்தபோது சிலர் சிரித்தார்கள். நிகழ்ச்சி தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல் என்று மலாக்கா மாநிலத்தின் பல பக்கங்களிலிருந்தும் அழைப்புகள் வந்தன. பெரும்பாலானவர்கள் கேட்டது ஒன்றுதான். “எங்கள் வீட்டில் சின்ன நாய் இருக்கிறது. பச்சைக் கோழிக்கறி கொடுத்தால் நல்லது என்கிறார்கள். கொடுக்கலாமா?”

கேள்வி சிறியது. பதிலைச் சொல்லி முடிக்க அன்று நேரம் போதவில்லை. அதனால் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சொல்வதை நம் வீட்டுச் சூழ்நிலையோடு வைத்துப் பார்ப்பது மட்டுமே என் வேலை. முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்.

லயத்து நாயும் தாமான் நாயும்

கெமுனிங், புக்கிட் அசஹான், ஜாசின் லாலாங், காடேக் போன்ற தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாய் என்றால் எது நினைவுக்கு வரும்? லயத்து வாசலில் படுத்திருக்கும். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர் பின்னாலேயே போகும். மிச்சச் சோறு, மீன்குழம்பு, கருவாட்டுத் தலை, எது போட்டாலும் தின்னும். காட்டுப்பன்றி வேட்டை நடந்த அன்று குடலும் சவ்வும் அதற்குத்தான். பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள, வெயிலிலும் மழையிலும் காய்ந்து வளர்ந்த உடம்பு. வீட்டுக்குள் அதற்கு இடமில்லை.

“அந்த நாய்களெல்லாம் பச்சையாகத் தின்று நன்றாகத்தானே இருந்தன?” என்று ஒரு நேயர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நம் நினைவில் நிற்பவை பிழைத்த நாய்கள். ஒரு ஈற்றில் போட்ட ஆறு குட்டிகளில் எத்தனை தங்கின, மற்றவை எதனால் செத்தன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. காணாமல் போனால் ‘காட்டுப் பக்கம் போய்விட்டது’ என்று சொல்லிவிடுவோம்.

இன்றைக்கு நிலைமை வேறு. தோட்டத்தை விட்டு வந்து தாமான் வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியிருக்கிறோம். நாயும் மாறிவிட்டது. பொமரேனியன், சிஹ் சூ, பூடல், சிவாவா, மினியேச்சர் பின்ஷர் என்று இரண்டு கிலோவிலிருந்து ஆறேழு கிலோ வரை எடையுள்ள சின்ன ஜாதிகள். இவை நாற்காலியில் உட்காருகின்றன, மெத்தையில் படுக்கின்றன, குழந்தையின் முகத்தை நக்குகின்றன. பிள்ளைகள் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், வயதான அம்மாவுக்குப் பேச்சுத் துணையாக இருப்பதும் அந்தச் சின்ன நாய்தான். ஆகவே இன்று நாய் தின்பது நாயோடு நிற்பதில்லை, வீட்டிலுள்ள எல்லாரையும் தொடுகிறது. இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை இதுதான்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

நாய்க்குப் பச்சை இறைச்சியும் பச்சை எலும்பும்தான் இயற்கை உணவு என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். 1993-ஆம் ஆண்டு அவர் எழுதிய நூலுக்குப் பிறகு ‘பார்ஃப்’ என்ற பெயரில் இந்த உணவு முறை பிரபலமானது. 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெலமைன் என்ற இரசாயனம் கலந்த டின் உணவுகளைத் தின்று நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. கடையில் விற்கும் பாக்கெட் உணவின் மீது பலருக்கு நம்பிக்கை போனது. பச்சைக்கறி பக்கம் கூட்டம் சேர அதுவும் ஒரு காரணம்.

பச்சைக்கறி கொடுப்பவர்கள் சொல்வது எல்லாமே பொய் என்று ஒதுக்க முடியாது. நாய் அதை ஆவலோடு தின்னும். இறைச்சி நன்றாகச் செரிப்பதால் மலம் குறைவாகவும் கெட்டியாகவும் இருக்கும். எலும்பைக் கடிக்கும்போது பல்லில் படிந்த காரை ஓரளவு குறையும். இவை கண்ணால் பார்க்கக்கூடிய பலன்கள். ரோமம் பளபளக்கிறது என்பார்கள். உணவில் கொழுப்புச் சத்து கூடினால் எந்த நாய்க்கும் அது நடக்கும். அதற்கு உணவு பச்சையாக இருக்க வேண்டியதில்லை.

“நாய் ஓநாய் வம்சம்தானே?” என்ற வாதமும் உண்டு. வம்சம் அதுதான். ஆனால் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு முக்கியமானது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள் மட்டுமே இருக்க, நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருந்தன. மனிதன் தானியம் விளைவித்துச் சமைக்கத் தொடங்கிய பிறகு, அவன் கைச்சோற்றைத் தின்று தின்றே நாயின் உடம்பும் மாறியிருக்கிறது. சோறு நாய்க்கு அந்நிய உணவு அல்ல.

மெல்பர்ன் ஆய்வு சொன்னது

சின்ன நாய் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. அந்த நாட்டில் நாய்க்குப் பச்சைக் கோழிக்கழுத்து கொடுப்பது வெகு சாதாரணம். அங்குள்ள கால்நடை மருத்துவமனைக்கு ஒருவகை வாதத்தோடு நாய்கள் வந்தன. முதலில் பின்னங்கால்கள் தளரும். பிறகு முன்னங்கால், கழுத்து, முகம் என்று பலவீனம் ஏறும். குரைக்கும் குரலே மாறிவிடும். நெஞ்சுத் தசைகள் செயலிழந்தால் மூச்சு நின்று நாய் இறக்கவும் கூடும். பிழைக்கும் நாய்கள் பழைய நிலைக்குத் திரும்ப ஆறு மாதம்கூட ஆகலாம்.

இந்த நோய் கண்ட 27 நாய்களையும், நோய் இல்லாத 47 நாய்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நோய் கண்ட நாய்களிடம் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி இருப்பதற்கான வாய்ப்பு 9.4 மடங்கு அதிகமாக இருந்தது. அந்தக் கிருமி பச்சைக் கோழியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சிறிய ஜாதி நாய்களுக்கே இந்த நோய் அதிகம் தொடர்புபட்டிருந்தது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

கோழியில் இருக்கும் கிருமி நரம்பை எப்படிக் கெடுக்கும்? கிருமியை எதிர்க்க நாயின் உடம்பு படை திரட்டுகிறது. அந்தக் கிருமியின் மேல்பகுதியும் நரம்பின் சில பகுதிகளும் ஒரே சாயலில் இருப்பதால், திரட்டிய படை எதிரி என்று நினைத்துச் சொந்த நரம்பையே தாக்குகிறது. மனிதர்களுக்கு வரும் கில்லன்-பாரே என்ற வாத நோயும் இதே வகைதான். கேம்பைலோபாக்டர் வயிற்றுப்போக்குக்குப் பிறகு அது வருவதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இது அரிதான நோய். கோழிக்கழுத்து தின்ற நாய்க்கெல்லாம் வாதம் வந்துவிடாது. ஆனால் வந்துவிட்டால், நிற்க முடியாத நாயை மாதக்கணக்கில் தூக்கிச் சுமந்து, புரட்டிப் படுக்கவைத்து, கையால் ஊட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அந்த வீட்டு அம்மாதான்.

நம் வீடுகளுக்கு இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. நம்மில் பலர் வீட்டுக்குள் மாட்டிறைச்சி கொண்டுவருவதில்லை. ஆட்டிறைச்சி விலை நாய்க்குக் கட்டுப்படியாகாது. ஆகவே நம் வீட்டு நாய்க்குப் பச்சைக்கறி என்றால் அது பாசாரில் மலிவாகக் கிடைக்கும் கோழிக்கழுத்து, கோழித்தலை, கோழிக்கால், எலும்புக்கூடு இவைதான். கேம்பைலோபாக்டர் அதிகம் குடியிருக்கும் இடமும் கோழிதான்.

கிருமி நாயோடு நிற்பதில்லை

பச்சைக்கறி தின்னும் நாய்க்குச் சில நேரம் ஒன்றுமே ஆகாது. சால்மோனெல்லா கிருமி வயிற்றுக்குள் போனாலும் அது துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும். ஆனால் கிருமி மலத்தில் வெளியேறும். வாயில் ஒட்டியிருக்கும். ரோமத்தில் படியும். அதே நாய் சற்று நேரத்தில் பாட்டியின் மடியில் படுத்திருக்கும். தரையில் தவழும் பேரப்பிள்ளை அதைத் தொட்ட கையை வாயில் வைக்கும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய பரிசோதனையில், விற்பனையில் இருந்த 196 பச்சை உணவு மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. 15 மாதிரிகளில் சால்மோனெல்லாவும், 32 மாதிரிகளில் லிஸ்டீரியாவும் இருந்தன. லிஸ்டீரியா கர்ப்பிணிப் பெண்களின் கருவையே கலைத்துவிடக்கூடிய கிருமி. பிரிட்டனில் 2017-ஆம் ஆண்டு ஈ.கோலி கிருமியின் கடுமையான ஒரு வகை நான்கு பேரைத் தாக்கியது. அவர்களில் ஒருவர் இறந்தார். விசாரித்தபோது, அவர்களில் மூன்று பேர் பச்சைக் குடல் உணவு தின்னும் நாய்களோடு பழகியவர்கள் என்று தெரிந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் வேகவைக்காத இறைச்சியை நாய், பூனைக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2012-ஆம் ஆண்டே கொள்கை முடிவு எடுத்ததற்கு, விலங்கோடு சேர்த்து மனிதர்களின் நலனும் காரணம்.

பாக்கெட் உணவில் கிருமியே வராது என்று சொல்ல முடியாது. 2012-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உலர்ந்த நாயுணவு மூலமாகவே சால்மோனெல்லா பரவி மனிதர்கள் நோயுற்றார்கள். ஆனால் அந்த உணவு தயாரிக்கும்போது கடும் வெப்பத்தைத் தாண்டி வருகிறது. பச்சைக்கறிக்கு அந்தத் தடை எதுவும் இல்லை.

தாமான் வாழ்க்கையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. முன்னால் ஓடும் கால்வாய் எல்லாருக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரர் நாயைத் தொடுவதைத் தவிர்க்கும் மார்க்கத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். பச்சை இரத்தம் படிந்த தட்டைக் கால்வாய் ஓரத்தில் கழுவுவதும், மலத்தைத் தண்ணீர் அடித்து அடுத்த வாசலுக்குத் தள்ளுவதும் அக்கம்பக்கத்துக்கு நல்லதல்ல.

பறவைக்காய்ச்சல், பன்றிக்காய்ச்சல்

பறவைக்காய்ச்சல் பற்றியும் நேயர்கள் கேட்டார்கள். 2004-ஆம் ஆண்டு தாய்லாந்தில், எச்5என்1 கிருமி பரவிய பகுதியில் இறந்த வாத்துகளைத் தின்ற ஒரு நாய் அதே நோயால் இறந்தது. அதே ஆண்டு நம் நாட்டில் கிளந்தானிலும் கோழிகளிடம் அந்தக் கிருமி கண்டறியப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்தில், உறைய வைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று இந்த நோயால் செத்தது. பூனை அளவுக்கு நாயை இந்தக் கிருமி எளிதில் தாக்குவதில்லை. ஆனாலும் கம்பத்தில் நோய்வாய்ப்பட்டுச் செத்த கோழியை, ‘வீணாகப் போகிறதே’ என்று நாய்க்குப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

2021 டிசம்பரில் நம் மலாக்காவில், பாயா மெங்குவாங் பகுதிப் பன்றிப் பண்ணையில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த நோய் நாய்க்கும் வராது, மனிதருக்கும் வராது. ஆனால் பன்றிகளிடம் காணப்படும் ஔஜெஸ்கி என்ற வேறொரு நோய் உண்டு. அது மனிதரைத் தாக்குவது மிக அரிது. நாய்க்கு வந்தால் உயிர் பிழைப்பது அரிது. தோட்டப் பக்கம் இன்னும் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள், அதன் குடலையும் ஈரலையும் பச்சையாக நாய்க்கு எறிவதை இதனாலேயே விட்டுவிட வேண்டும்.

ஐஸ்பெட்டி காப்பாற்றுமா?

“வாங்கியதும் உறைய வைத்துவிடுகிறேன், கிருமி செத்துவிடும் இல்லையா?” என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். சாகாது. குளிரில் சில வகைப் புழுக்கள் சாகும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தூங்கும், அவ்வளவுதான். வெளியே எடுத்து இளகியதும் விழித்துக்கொள்ளும். உறைய வைத்து உலர்த்தி விற்கும் விலையுயர்ந்த பச்சை உணவுகளுக்கும் இது பொருந்தும்.

5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு கிருமி பெருகும் சூடு. நம் ஊரில் பகலில் 30 டிகிரிக்கு மேல். இந்த வெப்பத்தில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். காலை ஏழு மணிக்குப் பாசாரில் வாங்கிய கோழிக்கழுத்தை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் அதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். குளிர்நாட்டில் இருந்துகொண்டு பச்சைக்கறி கொடுப்பவர்களின் அனுபவத்தை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

மஞ்சள் தடவுவதும், எலுமிச்சை பிழிவதும், வினிகரில் ஊற வைப்பதும் கறிக்கு உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லாது. குழாயடியில் வைத்துக் கழுவினால் கிருமித் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் இருக்கும் வெங்காயக் கூடையிலும் தட்டிலும் படும். கறியின் நடுப்பகுதி 75 டிகிரி சூடாகும்வரை வேகவைப்பது ஒன்றே நிச்சயமான வழி.

சின்ன உடம்பின் கணக்கு

கிருமியை விட்டுவிட்டு, சத்துக் கணக்கைப் பார்ப்போம். நான்கு கிலோ எடையுள்ள, குடும்பக்கட்டுப்பாடு செய்யப்பட்ட வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 கலோரி போதும். தோலோடு இருக்கும் பச்சைக் கோழிக்கழுத்து 100 கிராமில் ஏறக்குறைய அத்தனை கலோரியும் இருக்கிறது. அதாவது இரண்டு மூன்று கழுத்து தின்றாலே நாள் கணக்கு முடிந்தது. அதற்கு மேல் பிள்ளைகள் கொடுக்கும் பிஸ்கட் எல்லாம் கொழுப்பாகச் சேரும். கொழுப்பு திடீரென்று கூடினால் கணையம் வீங்கி, சின்ன நாய்கள் வாந்தியோடு சுருண்டு படுத்துவிடும்.

எலும்பில்லாத வெறும் கறியை மட்டும் கொடுத்தால் வேறு சிக்கல். நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். வெறும் கறியில் பாஸ்பரஸ், கால்சியத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதைச் சொந்த எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். வளரும் குட்டிக்கு இது பெரிய ஆபத்து. சின்ன ஜாதி நாய்களின் முன்னங்கால் எலும்பு இயல்பிலேயே குச்சி போல மெல்லியது. நாற்காலியிலிருந்து குதித்தாலே முறிவதுண்டு. அந்த எலும்பை மேலும் பலவீனமாக்கலாமா?

“அப்படியானால் எலும்போடு கொடுத்துவிடுகிறேன்” என்றால், சின்ன நாயின் தொண்டையும் சிறியது என்பதை மறக்கக்கூடாது. அவசரமாக விழுங்கிய கழுத்துத் துண்டு உணவுக்குழாயில் சிக்கினால் அது உடனடி மருத்துவமனைக் கேஸ். கெட்டியான எலும்பைக் கடித்தால் பல் உடையும். வேகவைத்த எலும்பு இன்னும் மோசம். கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பல் சுத்தத்துக்கு நாய்களுக்கான பற்பசையும் சின்ன பிரஷ்ஷுமே பாதுகாப்பான வழி. மனிதர்களின் பற்பசை ஆகாது.

வேகவைத்துக் கொடுத்தால்?

பச்சைக்கறியில் மக்கள் தேடுவது என்ன? நல்ல இறைச்சி, கண்ணுக்குத் தெரிந்த பொருள், கையால் கொடுக்கும் திருப்தி. இவை மூன்றும் வேகவைத்த கறியிலும் கிடைக்கின்றன. கிருமி மட்டும் கிடைக்காது.

ஆனால் வேகவைத்த வீட்டுச் சாப்பாடு என்பதாலேயே அது முழுமையான சத்துணவு ஆகிவிடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், நூல்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 விழுக்காட்டுக் குறிப்புகளில் அவசியமான ஒரு சத்தாவது குறைந்திருந்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தோல், எலும்பு நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 80 கிராம், குழைந்த சோறு 80 கிராம், வேகவைத்த பூசணி அல்லது கேரட் 50 கிராம், சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இது நான்கு கிலோ நாயின் ஒரு நாள் கலோரிக்கு ஏறக்குறையச் சரியாக வரும். சில நாட்களுக்குத் தாங்கும். மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் கால்சியம், அயோடின், துத்தநாகம், வைட்டமின் டி எல்லாம் குறையும். நிரந்தரமாக வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவெடுத்தால், என்ன சத்து மருந்தை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் அளவோடு எழுதி வாங்குங்கள்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்ற எளிய வழி இது. வயதுக்கேற்ற, ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று பாக்கெட்டில் தெளிவாகக் குறிப்பிட்ட உலர் உணவு அடிப்படையாக இருக்கட்டும். ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வேகவைத்த கறி கொடுக்கலாம். நான்கு கிலோ நாய்க்கு அது ஏறக்குறைய 20 கிராம். நாய்க்கும் ருசி, உங்களுக்கும் திருப்தி.

நாய்க்கான கறியைக் குழம்பில் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை உடைக்கும். சின்ன உடம்புக்குக் கொஞ்சமே போதும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் கூடாது. பாயாசத்திலும் கேசரியிலும் உலர்திராட்சை இருப்பதை மறக்க வேண்டாம்.

“புரட்டாசி மாதம் வீட்டில் கறி ஏறாதே, என்ன செய்வது?” என்று ஒரு அம்மா கேட்டார். உணவைத் திடீரென்று மாற்றினால் சின்ன நாய்க்கு வயிறு கெடும். உலர் உணவு அடிப்படையாக இருக்கும் வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. அது இல்லாத வீட்டில், ஏழு முதல் பத்து நாள் முன்கூட்டியே சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டு வாருங்கள்.

முடிவெடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

ஒன்று, வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ, வயதானவரோ, கர்ப்பிணியோ, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய்ச் சிகிச்சை உள்ளவரோ இருக்கிறார்களா? ஒருவர் இருந்தாலும் பச்சைக்கறி வேண்டாம்.

இரண்டு, நாய் மெத்தையிலும் மடியிலும் புழங்குகிறதா? அப்படியானால் அதன் வாயில் இருப்பது உங்கள் தலையணையிலும் இருக்கும்.

மூன்று, நாய் குட்டியா, கிழமா, நோயாளியா? மூன்றில் எதுவானாலும் ஆபத்து அதிகம்.

நான்கு, நாய்க்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை, ஐஸ்பெட்டியில் தனி இடம் ஒதுக்க முடியுமா?

ஐந்து, நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வாகனமும் பணமும் இருக்கிறதா? தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியமான கேள்வி.

இவற்றுக்கு நான் பார்த்த வகையில், நம்மவர் வீடுகளில் முதல் கேள்வியிலேயே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை?

எல்லாம் கேட்ட பிறகும் கொடுப்பேன் என்கிறவர்கள் சிலவற்றையாவது கடைப்பிடியுங்கள். உறைந்த கறியை ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடி வைத்து இளக வையுங்கள், மேசையில் அல்ல. அரை மணி நேரத்தில் தின்னாததை எறிந்துவிடுங்கள். தட்டைச் சவர்க்காரம் போட்டுச் சுடுநீரில் கழுவுங்கள். தின்றதும் முகத்தை நக்க விடாதீர்கள். மலத்தைக் கையுறையோடு அள்ளிக் கட்டிப் போடுங்கள். கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

பின்னங்கால் தளர்ச்சி, குரல் மாற்றம், இரத்தம் கலந்த பேதி, ஓயாத வாந்தி, விழுங்க முடியாமல் எச்சில் வடிதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். சின்ன நாயின் உடம்பில் நீரும் சர்க்கரையும் வேகமாகக் குறைந்துவிடும். காலையில் பேதி என்றால் மாலைவரை பொறுப்பது ஆபத்து. மருத்துவரிடம் போனதும், என்ன தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பச்சைக்கறி என்று சொன்னால் திட்டுவாரோ என்று பயந்தால் சிகிச்சைதான் தாமதமாகும்.

விலங்குக்கு ஏற்ற உணவும் நீரும் பராமரிப்பும் தருவது வளர்ப்பவரின் கடமை என்று நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நல்வாழ்வுச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நம் வீட்டு நாய்க்கு நாம் கெடுதல் நினைப்பதில்லை. பச்சைக்கறி கொடுப்பவரும் பாசத்தில்தான் கொடுக்கிறார். அந்தப் பாசத்தோடு அடுப்பையும் பற்றவைத்துவிட்டால் போதும். பாசாரில் கோழி வாங்குங்கள். வேகவையுங்கள். எலும்பை எடுத்துவிடுங்கள். ஆற வைத்து அளவோடு கொடுங்கள். நாயும் நன்றாக இருக்கும், அதை மடியில் வைத்திருக்கும் பாட்டியும் நன்றாக இருப்பார்.

அடுத்த வாரம் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.